கனடாவுக்குப் போகாத மாதா

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் எல்லாரும் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் விசாவுக்கு, சிலர் ஏஜென்டின் அழைப்புக்கு, சிலர் லண்டனில் இருந்து வரப்போகிற மாப்பிள்ளைக்கு. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் கொழும்பில் கால் ஊன்றவும் இல்லை, இனிமேல் ஊன்றுகிற எண்ணமும் இல்லை. கதிரை வாங்கினால்கூட மடிக்கிற கதிரைதான் வாங்கினார்கள்.

அம்மாவும் நானும் அங்கே ஒரு மாதத்துக்கென்று வந்தவர்கள். அண்ணாவை யாழ்ப்பாணத்தில் இருந்து கூட்டிவந்து கனடாவுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணா ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்துவிட்டான். நாங்கள் திரும்புவதற்குள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு யாழ்ப்பாணம் போகவும் வரவும் கப்பல் மட்டும்தான், அதற்கும் பாஸ் வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்த அப்பா அங்கே தனியாக, நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஒரு அறையில்.

"அடுத்த கப்பலில் வரப் பார்க்கிறேன்" என்று அப்பா எழுதுவார். அடுத்த கப்பலும் வரும். அதில் வேறு யாராவது வந்து இறங்கி, அப்பாவின் இன்னொரு கடிதத்தைக் கொண்டுவந்து தருவார்கள். லீவு கிடைக்கவில்லை, பதில் ஆள் வரவில்லை, வீட்டைப் பார்க்க ஒருவரும் இல்லை. சவர்க்காரத்துக்கும் நெருப்புப்பெட்டிக்கும்கூட அங்கே தட்டுப்பாடு என்றார்கள். அப்பாவிடம் காரணத்துக்கு மட்டும் தட்டுப்பாடு வந்ததில்லை.

அம்மா கடிதத்தை வாசித்து மடித்து வைத்துவிட்டு, "ஆண்டவருக்குத் தெரியும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்டவருக்குத் தெரிவது இருக்கட்டும், ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டருக்குத் தெரிந்தால் அல்லவா லீவு கிடைக்கும்.

அம்மாவின் காத்திருப்பு சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற காத்திருப்பு அல்ல. அது ஒரு முழுநேர உத்தியோகம். எங்கள் அறைக்கூரை ஒழுகும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கடையின் ஜெனரேட்டர் உறுமும். தெஹிவளையில் நல்ல அறை ஒன்று இருக்கிறது என்று நான் கண்டுபிடித்து வந்தால், "அப்பாவுக்கு இந்த விலாசம்தானே தெரியும்" என்று மறுத்துவிடுவார். புது விலாசத்தை எழுதிப் போடலாமே என்றால், கடிதம் போகிற நேரத்தில் அவர் வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்பார். இதற்கு மேல் என்ன கதைப்பது? வாளியை ஒழுக்கின் கீழ் நகர்த்தி வைத்துவிட்டுப் படுப்பேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மா பஸ் ஏறி கொட்டாஞ்சேனைக்குப் போவார். அங்கே கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி, பிறகு தமிழ்ச் சுவாமி ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார். ஒழுகுகிற அறையில் இருந்துகொண்டு அப்படி என்ன பாவத்தைத் தேடிப் பிடித்தாரோ தெரியாது. ஒருநாள் நானும் கூடப் போனேன். சுவாமி நல்ல மனிதர். ஆபிரகாம் ஒரு பிள்ளைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதை யோசித்துப் பார்க்கச் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். ஆபிரகாமுக்கு அடிக்கடி வெள்ளவத்தைப் பொலிசுக்குப் போய், வடக்கில் இருந்து வந்த தமிழன் என்ற பதிவைப் புதுப்பிக்கிற வேலை இருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் செக்கிங் நடந்தது. அந்த வரிசையில் நின்றுகொண்டும் அம்மா செபமாலை உருட்டினார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு செபக்குழு இருந்தது. அதன் தலைவி ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. செபமாலையில் யாராவது ஒரு 'அருள் நிறைந்த மரியே'யை விழுங்கிவிட்டால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். குழுவிடம் ஒரு மாதா சுரூபம் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி வைத்த பலகைப் பெட்டிக்குள் நீல முக்காட்டோடு நிற்கும் மாதா. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை வைத்திருந்து, சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, கடலையும் தேத்தண்ணியும் கொடுத்து, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் செபமாலை மாதத்தில் மட்டும் நடக்கிற வழக்கம் இது. வெள்ளவத்தையில் வருஷம் முழுவதும் நடந்தது, தேவை அப்படி.

சும்மா ஒரு வழக்கமாக இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. மாதா இருந்த கிழமையில் ஒரு வீட்டுக்குக் கனடா விசா வந்தது. அடுத்து வைத்திருந்த வீட்டுக்கு ஜெர்மனியில் இருந்து கூப்பிடுகிற பொன்சர் கடிதம் வந்தது. அதோடு முடிந்தது கதை. மாதா எந்த நாட்டுக்கு எவ்வளவு நாளில் அனுப்புவார் என்பது எங்கள் ஒழுங்கையில் அத்துப்படியாகிவிட்டது. கனடா சுகம், சுவிஸ் கொஞ்சம் இழுபடும், லண்டனுக்கு நோன்பும் பிடிக்க வேண்டும். நான் அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் காலி வீதியில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வெளிநாட்டுக்குக் கத்துகிறவர்களுக்கு நம்பர் அடித்துக் கொடுக்கிற வேலை. "வாற கிழமை எங்களுக்கு மாதா முறை, நீ பேப்பருகளை ஆயத்தமாய் வை" என்று ரொறன்ரோவுக்குக் கத்தியவர்களை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

முறைக்கு அடிபிடி தொடங்கியது. எம்பஸி இன்டர்வியூ இருக்கிறவர்களுக்கு முன்னுரிமை என்று ரீச்சர் சட்டம் போட்டார். எங்கள் முறை வரும்போதெல்லாம் யாருக்காவது இன்டர்வியூ வந்துவிடும். ரீச்சர் வாசலில் வந்து நிற்பார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். உங்கட அவர் கப்பலிலைதானே வாறவர். கப்பலுக்கு இன்டர்வியூ இல்லைத்தானே."

"ஓம் ரீச்சர், அவை முதல் வைச்சிருக்கட்டும்" என்பார் அம்மா.

ஒவ்வொரு முறையும் இதேதான். எனக்கு வயிறு எரியும். மாதா விசா தருகிறார் என்பதை நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் நம்பாத சாமானாக இருந்தாலும் எங்களுடைய முறை எங்களுடைய முறைதானே.

"நீங்கள் இப்பிடியே விட்டுக்குடுத்துக்கொண்டு இருங்கோ, அப்பா பென்சன் எடுத்துக்கொண்டுதான் வருவார்" என்றேன்.

"எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவார்தானே" என்றார் அம்மா. அவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

இதை இவ்வளவு நக்கலாக எழுதுகிறேன். அம்மா கொட்டாஞ்சேனைக்குப் போகிற நாட்களில் வேலைக்குப் புறப்படும் முன் நானும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அப்பா வர வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பேன். அப்பா இல்லாத வீட்டில் அம்மா சிரிப்பது குறைந்துகொண்டு போனது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு நான் ஆபிரகாமாக இருக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஏஜென்ட் சொல்லக்கூடாது என்பான். கண்ணூறு பட்டுவிடும் என்று ஒரு பயம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினால் ஒழுங்கையில் முகம் காட்ட முடியாது என்று இன்னொரு பயம். பக்கத்து வீட்டில் இரண்டு நாளாகத் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கவில்லை என்றால் போய்விட்டார்கள் என்று நாங்களாக விளங்கிக்கொள்வோம். அப்படித்தான் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு குடும்பம் ஒரு விடிய வெள்ளன ஏஜென்ட் கூப்பிட்டதும் போட்டது போட்டபடி போய்விட்டது. போட்டதில் மாதாவும் ஒன்று.

இது சனிக்கிழமை பின்னேரம்தான் தெரிந்தது. குழு முழுக்க மெழுகுதிரியும் பாட்டுப் புத்தகமுமாக மூன்று மாடி ஏறிப்போனால் கதவில் பூட்டு. தட்டினோம், கூப்பிட்டோம். ஒருவரும் இல்லை என்பது விளங்கியதும் எல்லாரும் ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சர் அசரவில்லை. மாதா உள்ளேதான் இருக்கிறா, கதவு அவவுக்கு ஒரு தடையே என்று கேட்டு, எல்லாரையும் படிக்கட்டிலேயே முழந்தாளிடச் சொன்னார். பூட்டின கதவைப் பார்த்தபடி செபமாலை தொடங்கியது.

மூன்றாம் காரணிக்கத்தின் பத்து மணிகளுக்கு வரும்போது பொலிஸ் வந்துவிட்டது. கீழ்மாடியில் யாரோ பயந்துபோய் அறிவித்திருக்கிறார்கள். சார்ஜன்ட் ஒருவரும் துவக்கோடு இரண்டு பேரும். பூட்டிய வீட்டுக்கு முன்னால் இத்தனை தமிழ்ப் பெண்கள் முழந்தாளில் நிற்பதைப் பார்த்து அவர்களுக்கு என்ன தோன்றியதோ. இது யாருடைய வீடு என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். போய்விட்டார்கள் என்றார் ரீச்சர். எங்கே? தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது?

"பெட்டியக், மஹத்தயா" என்றார் ரீச்சர். ஒரு பெட்டி, ஐயா.

ஆட்கள் தலைமறைவாகிப்போன தமிழ் வீட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கிறது என்று அந்த நாட்களில் பொலிசிடம் வாயால் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ரீச்சருக்கு அது யோசிக்காமலேயே வாய்த்துவிட்டது. அடுத்த நிமிஷம் நாங்கள் எல்லாரும் ஒழுங்கையில் நின்றோம். கட்டடமே வெறுமையானது. அது தேவமாதாவின் சுரூபம் என்று ரீச்சர் பிறகு எவ்வளவோ விளக்கினார். சார்ஜன்ட் வீட்டுக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

தெஹிவளையில் இருந்து வீட்டுக்காரர் மாற்றுத் திறப்போடு வந்தார். கதவைத் திறக்கச் சொன்னபோது அவர் சுவரோடு ஒட்டி நின்று கையை மட்டும் நீட்டித் திறந்தாராம். உள்ளே பிரிட்ஜுக்கு மேலே மாதா வாடின மல்லிகை மாலையோடு நின்றார். சார்ஜன்ட் நீர்கொழும்புக்காரர், வேதக்காரர். தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எங்களை மேலே வரச் சொன்னார். நாங்கள் போனபோது அவர் முகமே மாறியிருந்தது. இவ்வளவு நாளும் தனியாகவா இவவை விட்டீர்கள் என்று எங்களைத்தான் ஏசினார்.

அடுத்த முறை யாருக்கு என்று ரீச்சர் சொல்லத் தொடங்க முதல், அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிச் சீலைத் தலைப்பால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கொண்டு போகட்டும் என்று சார்ஜன்ட் கையைக் காட்டினார். ரீச்சர் திங்கட்கிழமை இன்டர்வியூ உள்ள வீட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். சார்ஜன்ட் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அப்படியாக எங்கள் முறை வந்து சேர்ந்தது, பொலிஸ் உத்தரவின் பேரில்.

மாதாவை எங்கள் அறையில் ஒழுக்கில்லாத மூலையில் வைத்தோம். ரீச்சர் குழுவோடு வந்து, "உம்மட கருத்தைச் சொல்லும், எல்லாருமாய் மன்றாடுவம்" என்றார்.

"ஆண்டவருக்குத் தெரியும்தானே ரீச்சர்."

"அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியோணுமெல்லே."

அம்மா கொஞ்சம் யோசித்து, "நாங்கள் ஒண்டாய் இருக்கோணும்" என்றார். ரீச்சர் அதைத் திருத்தமான தமிழில் ஆக்கி, இந்தச் சகோதரியின் கணவர் கொழும்புக்கு வந்து சேர வேண்டுமென்று உரத்த குரலில் ஒப்புக்கொடுத்தார். நான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னேன்.

அந்தக் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. ஆனால் மற்ற வீடுகளுக்கு ஏற்கெனவே கேட்ட மன்றாட்டுகள் எல்லாம் சேர்த்துப் பலித்தன. ஒருத்தர் பின் ஒருத்தராகப் பறந்தார்கள். மாதாவை அடுத்து எங்கே அனுப்புவது என்று பார்த்தால் வேறு கத்தோலிக்க வீடே ஒழுங்கையில் இல்லாமல் போனது. கடைசியில் குழு என்று மிஞ்சியது அம்மா, நான், ரீச்சர். ரீச்சரின் பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்தார்கள். பொன்சர் செய்கிறோம் என்று மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் எங்கேயும் போகவில்லை. மாதாவும் எங்களோடு தங்கிவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், கொமினிகேஷனுக்கு ரீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்து, "பிள்ளை, அப்பா வந்திட்டார்" என்றார். கூண்டுக்குள் நின்றவரின் லைனை வெட்டிவிட்டு ஓடினேன். அப்பா கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்து, சேர்ட் தோளில் தொங்கியது. நான் அழுதேன். அம்மா அழவில்லை. ஓடி ஓடி எதையோ பொரித்துக்கொண்டிருந்தார். ரீச்சர் மாதாவுக்கு முன்னால் முழந்தாளிட்டு எல்லாப் புகழையும் அவருக்கே கொடுத்தார். ஏற்பாடு செய்தது தான் என்பதையும் இடையில் நினைவுபடுத்தினார்.

இரண்டு நாள் கல்யாணவீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அப்பா, யாருடைய முகத்தையும் பார்க்காமல் தொடங்கினார்.

"இஞ்சேரும், நான் நிக்க வரேல்லை. உம்மைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். உமக்கும் சேர்த்துத்தான் பாஸ். இவ்வளவு நாளும் கோவிலிலை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான், நீர் திரும்பி வரோணும் எண்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே குடும்பத்தில் இருந்து, ஒரே மாதாவின் வழியாக, ஒருவர் வடக்கே வா என்றும் மற்றவர் தெற்கே வா என்றும் வருஷக்கணக்காக மன்றாடியிருக்கிறார்கள். பரலோகத்தில் இதைப் பொறுப்பெடுத்தவர் என்ன பாடு பட்டிருப்பார். அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அங்க என்ன கிடக்கு அப்பா? ஷெல்லும் கேர்ஃபியூவும் தவிர? எல்லாரும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சால வருகினம், நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கால போகப் போறியளோ?"

"ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்க நான் ஒருத்தன்தான் பிள்ளை மிச்சம். விட்டிட்டு வர மனம் வரேல்லை. உங்களை விட்டிட்டு இருக்கவும் ஏலாமல் கிடக்கு. உன்னை அங்க கூட்டிக்கொண்டு போக எனக்குப் பயம், அதாலைதான் உனக்குப் பாஸ் கேக்கேல்லை" என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். முடியாது என்று சொல்லப்போகிறார், இத்தனை காலப் பொறுமைக்கு இதுவா பதில் என்று ஒருதரமாவது கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

"கப்பல் எண்டைக்கு?" என்று கேட்டார் அம்மா.

"அம்மா, இவ்வளவு காலமும் அப்பா வரோணும் எண்டெல்லோ மன்றாடினனீங்கள்?"

"அது நீயும் ரீச்சரும். நான் ஒண்டாய் இருக்கோணும் எண்டுதான் கேட்டனான். எங்க எண்டு நான் ஆண்டவருக்குச் சொல்லிக்குடுக்கேல்லை."

"அப்பிடியெண்டால் எப்பவோ போயிருக்கலாமே. நாங்கள் ஏன் இந்த ஒழுக்குக்குள்ள கிடந்தனாங்கள்?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வரேக்கை நீ ரோட்டைக் கடக்கவும் என்ர கையைப் பிடிக்கிற பிள்ளை. உன்னை விட்டிட்டு எப்பிடிப் போறது? இப்ப உனக்கு வேலை இருக்கு, நாலு பேரோட கதைக்கத் தெரியும், பொலிசிலை போய் நீயே பதிஞ்சுகொண்டு வாறாய். இனிப் பயமில்லை."

அம்மா அப்பாவுக்காகக் காத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நான் வளர்ந்து முடியும்வரைக்கும் அல்லவா காத்திருந்திருக்கிறார். வாளியை நகர்த்திக்கொண்டு, முறையை விட்டுக்கொடுத்துக்கொண்டு, என் வாயில் இருந்து வந்த நக்கலையும் கேட்டுக்கொண்டு. அப்படியென்றால் நான் கொஞ்சம் மெதுவாக வளர்ந்திருக்கலாம்.

என்னுடைய மன்றாட்டு, கேட்டபடி அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. அப்பா வந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு கிழமை இருந்துவிட்டு, போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் ரீச்சரோடு இருப்பதாக முடிவானது. விடியக்காலை காலி வீதியில் திருகோணமலைக்குப் போகிற வான் வந்து நின்றது. கப்பல் அங்கிருந்துதான். வானில் இருந்தவர்கள் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் போல இருந்தார்கள். அம்மா மட்டும் நல்ல சீலையைக் கட்டி, தலை இழுத்து, பவுடர் போட்டிருந்தார். அப்பா பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றபோது அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பக்கத்தில் இருத்தினார். பிறகு யன்னலால் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினார்.

"பாதை திறப்பினம் பிள்ளை. பொறுமையாய் இரு."

யாராவது பொறுமை என்ற சொல்லை இன்னொருதரம் சொன்னால் கடிப்பேன் என்று நான் அதுவரை எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் முகம் அன்றைக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. வேறு எதையும் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அம்மா" என்றேன்.